கழகத்துக்கு அனுசரணை கேட்கப் போகிறீர்களா? முதலில் விலைப்பட்டியலை எழுதுங்கள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகங்களின் சுற்றுப்போட்டி என்றால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாள் குறித்து, நோட்டீஸ் அடித்து, நாலு பெடியள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு கடைகடையாக ஏறுவார்கள். ஊர்க்காரர் என்ற முகத்துக்காக முதலாளி ஏதோ தருவார், அடுத்த வருடம் அதே பெடியள் வாசலில் தெரிந்ததும் உள்ளே போய்விடுவார். அதே மனிதர் கோவில் உபயத்துக்கு மனதாரக் கொடுக்கிறார், ஏனென்றால் அங்கே தனக்கு என்ன கிடைக்கிறது என்று அவருக்குத் தெரியும். நாங்கள் மட்டும் ஒன்றும் கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பல வருடம் கழகத்தின் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அனுசரணை நன்கொடை இல்லை, அது வியாபாரம். விற்பதற்கு எங்களிடம் சாமான் இருக்கிறது, அதை எண்ணி விலை போட வேண்டும்.

என்ன சாமான் என்று கேட்பீர்கள். லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தின் பெயரில் ஆடிய அணி 2020, 2021, 2022, பிறகு 2024 என்று நாலு தடவை கிண்ணம் எடுத்தது. அதில் ஒரு ஆட்டம்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை, எல்லாம் ஹம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகல, தம்புள்ளையில்தான். அப்படியென்றால் அங்கே விலை போனது மைதானமும் புல்லும் இல்லை, ஊரின் பெயரும் அதைப் பார்க்கிற கண்களும். உங்கள் கழகத்துக்கும் அந்த இரண்டும் உண்டு.

ஆகவே ஒரு பின்னேரம் செயற்குழு இருந்து, கொப்பியில் எழுதுங்கள். ஜேர்சியின் முன்பக்கம், கை, முதுகு. கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள வேலி. ஆட்டநாயகன் விருது. அறிவிப்பாளர் வாயால் எத்தனை தரம் பெயர் சொல்வார் என்பது. இடைவேளைக் குளிர்பானம். நேரடி ஒளிபரப்புத் திரையின் மூலை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை போடுங்கள், முன்பக்கம் 1 லட்சம் என்றால் கை 25,000 என்பதுபோல. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்ட லீக் 2017-18 பருவத்தில்தான் ஜேர்சியில் ஒரு சின்ன விளம்பரத் துண்டுக்கு இடம் விட்டது. ஸ்பெயினின் பார்சிலோனா உதைபந்தாட்டக் கழகம் 100 வருடத்துக்கு மேல் நெஞ்சில் எந்த விளம்பரமும் போடாமல் ஆடியது, 2006இல் முதன்முதலாகப் போட்ட பெயரும் யுனிசெப்தான், அதுவும் கழகமே அவர்களுக்குக் காசு கொடுத்துப் போட்டது. விற்காமல் வைத்திருந்த இடத்துக்கு எவ்வளவு பெறுமதி ஏறியது என்பது அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தங்களில் தெரிந்தது. அதனால் ஜேர்சியில் எட்டுக் கடைப் பெயரை நெருக்கி அடிக்காதீர்கள், ஒன்றும் வாசிக்கத் தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள், மிச்சமெல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. 1976 மொன்றியல் ஒலிம்பிக் வைத்த கடனை அந்த ஊர் 2006இல்தான் கட்டி முடித்தது. அந்தப் பயத்தில் 1984 போட்டியை நடத்த லொஸ் ஏஞ்சலஸைத் தவிர வேறு நகரம் கடைசிவரை நிற்கவில்லை. அங்கே பொறுப்பேற்ற பீற்றர் யூபரோத் இரண்டு வேலை செய்தார். இருந்த மைதானங்களையே பெரும்பாலும் பாவித்தார். அனுசரணையாளர் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு வகைக்கு ஒரு நிறுவனம் என்று வைத்து, விலையை ஏற்றினார். புகைப்படச் சுருள் வகையில் கோடாக் தயங்கி நின்றபோது அந்த இடத்தை ஜப்பானின் பூஜி எடுத்துக்கொண்டது. முடிவில் 20 கோடி டொலருக்கு மேல் மிச்சம். ஆளைக் குறைத்துத்தான் காசைக் கூட்டினார்கள்.

இதை நான் வேதனையோடு கற்றேன். ஒரு இறுதியாட்டத்துக்குப் பதாகையில் பதினொரு பெயர் போட்டிருந்தோம், அதில் இரண்டு இரும்புக்கடை, பக்கத்துப் பக்கத்தில். அவர்களில் ஒருவர் பிரதம விருந்தினராக வந்து, பதாகையைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் போன போது தேத்தண்ணீர் தந்தார், காசு தரவில்லை. அவர் செய்தது சரி. அவர் காசுக்கு நாங்கள் அவருடைய போட்டிக்காரரையும் விளம்பரம் செய்திருந்தோம். இப்போது ஒரு இரும்புக்கடை, ஒரு நகைக்கடை, ஒரு பேக்கரி, ஒரு கைபேசிக்கடை என்றுதான் எடுக்கிறோம், அதை ஒரு பக்கக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்தும் வைக்கிறோம்.

சரி, இப்போது கடைக்குள் போகிறீர்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு முதலாளி கல்குலேட்டரை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை சனம் வரும் தம்பி?" "நல்ல சனம் வரும் அண்ணை" என்பது பதில் இல்லை. அடுத்த போட்டிக்கு வாசலில் ஒரு பெடியனை இருத்தினோம், ஒரு பையில் புளியங்கொட்டை, மற்றப் பை வெறும் பை. ஆள் உள்ளே வர ஒரு கொட்டை மாறும். இரவில் கொட்டி எண்ணினோம். அந்த எண், மைதானம் நிறைந்த நேரத்தில் எடுத்த ஒரு படம், நேரடி ஒளிபரப்பைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை தெரிகிற ஸ்கிரீன்ஷொட், இந்த மூன்றையும் ஒரு தாளில் போட்டு, போட்டி முடிந்த ஒரு கிழமைக்குள் அனுசரணையாளரின் கையில் கொடுங்கள். காசு வாங்கியபிறகு திரும்பி வருகிற கழகத்தை அவர்கள் மறப்பதில்லை.

நேரடி ஒளிபரப்பைத் தனியாக விற்க வேண்டும். இந்தியாவின் ஐ.பி.எல். கிரிக்கெட் 2023 முதல் 2027 வரைக்குமான ஒளிபரப்பு உரிமையை 48,390 கோடி இந்திய ரூபாய்க்கு விற்றபோது ஒரே பொதியாகக் கட்டிக் கொடுக்கவில்லை, இந்தியாவுக்கான தொலைக்காட்சி உரிமை வேறு, இணைய உரிமை வேறு என்று ஏலம் விட்டார்கள். எங்கள் அளவிலும் அதே கதைதான். வேலிப் பதாகையை ஊர்க்கடைக்கு விற்கலாம், ஆனால் திரையைப் பார்க்கிறவர்களில் பாதிக்கு மேல் வெளியில் இருக்கிற எங்கள் ஆட்கள், அதனால் அந்த மூலையை லண்டனிலோ ரொறன்ரோவிலோ கடை வைத்திருக்கிற பழைய மாணவரிடம் கேளுங்கள். நேரத்தையும் பாருங்கள். யூலையில் பின்னேரம் 4 மணிக்குத் தொடங்கினால் லண்டனில் காலை 11.30, ரொறன்ரோவில் விடிய 6.30. மின்னொளியில் இரவு 8 மணிக்கு வைத்தால் லண்டனில் பின்னேரம் 3.30, ரொறன்ரோவில் காலை 10.30, அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பமே இருந்து பார்க்கும். மின்விளக்கு வாடகையை இதிலேயே எடுத்துவிடலாம்.

மைதான அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை, விடுகிறேன்.

பரிசுப்பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முழுவதையும் முதலாம் இரண்டாம் இடத்துக்குக் கொட்டினால், தீவுப்பகுதியிலிருந்து வான் பிடித்து வந்து முதல் சுற்றிலேயே தோற்ற அணி திரும்ப வராது. இங்கிலாந்துப் பிரீமியர் லீக் உதைபந்தாட்டம் உள்நாட்டுத் தொலைக்காட்சிப் பணத்தில் பாதியை எல்லாக் கழகத்துக்கும் சமமாகப் பிரிக்கிறது, கால்வாசியைத்தான் பட்டியலில் பிடித்த இடத்தைப் பார்த்துக் கொடுக்கிறது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எப்.எல். தேசியத் தொலைக்காட்சிப் பணத்தை 32 அணிக்கும் சமமாகவே பங்கிடுகிறது. எதிரணி இல்லாமல் ஆட்டமும் இல்லை, அதை விற்கவும் முடியாது. வந்த எல்லா அணிக்கும் போக்குவரத்துக் காசு கொடுங்கள்.

வெளிநாட்டு ஆட்களிடம் வருடாவருடம் வட்ஸ்அப்பில் கையேந்துவதை நிறுத்த ஒரு வழி இருக்கிறது. கிறீன் பே பக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்தணி சுமார் 1 லட்சம் பேர் உள்ள ஊரின் அணி, முதலாளி கிடையாது, 5 லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள்தான் சொந்தக்காரர். பங்குக்கு இலாபமும் இல்லை, விலைக்கு விற்கவும் முடியாது, வாக்கு மட்டும் உண்டு. 2021இல் ஒரு பங்கு 300 டொலர் என்று விற்றபோதும் சனம் வாங்கியது. அதேபோல ஆயுள் அங்கத்துவம் ஒன்று வையுங்கள், அட்டை கொடுங்கள், பொதுக்கூட்டத்தைச் சூம் வழியாகத் திறந்து கணக்கை வாசியுங்கள். கழகம் தன்னுடையது என்றால் தருகிற கை தாராளமாகும்.

கடைசியாக, அநேகமான கழகங்கள் கோட்டை விடுகிற ஒன்று: பெடியளின் பதிவு. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் விதிப்படி, ஒப்பந்தம் முடியுமுன் ஒரு உதைபந்தாட்ட வீரர் நாடு விட்டு நாடு விலை போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கழகங்களுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை வருடத்துக்கு 0.5 சதவீதம். உங்கள் கழகத்தில் 12 வயது தொடக்கம் 17 வயது முடிய ஆடிய ஒருவர் பிறகு 10 லட்சம் டொலருக்குப் போனால் உங்கள் பங்கு 20,000 டொலர். ஆனால் அவர் உங்கள் கழகத்தில் ஆடினார் என்று ஊரே சொன்னாலும் பயனில்லை, நாட்டுச் சம்மேளனத்தின் பதிவில் அந்த வருடங்கள் கழகத்தின் பெயரோடு இருக்க வேண்டும். இப்போது பயிற்சிக்கு வருகிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, ஒரு படம், பெற்றோர் கையெழுத்து, இவற்றை இந்த ஞாயிறு பயிற்சி முடிந்ததும் வாங்கி, மாவட்ட லீக்கில் பதிந்து, அந்தப் பதிவின் பிரதியை வருடவாரியாக ஒரு கோவையில் போட்டு வையுங்கள். கோவை பொருளாளர் வீட்டில் இல்லாமல் கழக அறையின் அலுமாரியில் இருக்கட்டும்.