மாலாதாங் கடையில் செய்யும் தவறுகள்: அவற்றில் பாதி, அலமாரி முன்னாலேயே நடந்துவிடுகிறது

மாலாதாங் என்பது சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பிறந்த, மரமரப்பும் காரமும் ('மாலா') சேர்ந்த சூப் உணவு. அதை விற்கும் கடையின் நடைமுறை பார்க்க எளிது. குளிர் அலமாரியில் கீரை, காளான், டோஃபு, மீன் உருண்டை, மெல்லிசாகச் சீவிச் சுருட்டிய இறைச்சி, பலவகை நூடுல்ஸ் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு கிண்ணமும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். கல்லாவில் நிறுத்து எடைக்குக் காசு வாங்குவார்கள். எந்த சூப், எவ்வளவு காரம் என்று சொல்லிவிட்டு, எண் அட்டையோடு உட்கார்ந்தால் பத்து பதினைந்து நிமிடத்தில் ஆவி பறக்கும் கிண்ணம் வந்துவிடும்.

சாப்பிட்டு வந்தவர்கள் சொல்லும் குறைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். விலை ஏறிவிட்டது, காரம் தாங்கவில்லை, ஒரே உப்பு, நூடுல்ஸ் கூழாகிவிட்டது. இவற்றில் பலவற்றுக்குக் காரணம் சமையலறைக்குள் இல்லை. கிண்ணத்தில் எதை எதோடு சேர்த்து எடுத்தோம் என்பதிலேயே சூப்பின் சுவையும் ரசீதின் தொகையும் முடிவாகிவிடுகின்றன. மேசைக்கு வந்த பிறகு திருத்த முடிவது கொஞ்சம்தான்.

எடையைக் கண்ணால் கணக்கிடுவது

கிண்ணம் பெரியது. அடியில் இரண்டு துண்டு டோஃபு போட்டால் ஒன்றும் போடாததுபோலத்தான் தெரியும். அந்தக் கண்ணளவை நம்பி நிரப்புகிறவர்கள் கல்லாவில் திகைத்து நிற்பார்கள். நன்றாகச் சாப்பிடக்கூடிய ஒருவருக்கு 400 முதல் 500 கிராம் தாராளம். அதற்கு மேல் சூப்பும் சேர்கிறது என்பதை மறக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் ஒரே விலை என்ற கடையில், 100 கிராம் முள்ளங்கிக்கும் 100 கிராம் ஆட்டிறைச்சிக்கும் ஒரே காசு. அங்கே சோளக்கதிர்த் துண்டு, தடித்த உருளைக்கிழங்கு, மெத்தென்ற டோஃபு கட்டி ஆகியவற்றால் கிண்ணத்தை நிரப்பினால் தண்ணீருக்கும் தக்கைக்கும் காசு கொடுப்பதாக ஆகும். சோளத்தில் தக்கைக்கும் சேர்த்தே எடை போடுகிறார்கள். மாறாக, எடையில் லேசாக இருந்து வாயில் நிறைவு தருபவையும் உண்டு. உலர்ந்த சோயாப்பால் ஆடை, பொரித்த டோஃபு, மரக்காது எனப்படும் கருங்காளான், காய்ந்த இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் ஆகியவை அப்படிப்பட்டவை. ஊறவைத்து வைத்திருக்கும் கண்ணாடி நூடுல்ஸ் தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கும்; உலர்ந்த நூடுல்ஸ் தட்டையாக, லேசாக இருக்கும், சூப்பில்தான் விரியும். கீரையை இடுக்கியில் எடுத்ததும் தட்டுக்கு மேலேயே ஒருமுறை உதறிவிட்டுப் போடுங்கள். கழுவி வைத்த கீரையில் தங்கியிருக்கும் தண்ணீரும் தராசில் ஏறும்.

சில கடைகளில் இறைச்சிக்கும் கடலுணவுக்கும் தனி விலை, காய்கறிக்குத் தனி விலை. இன்னும் சிலவற்றில் குறைந்தபட்சத் தொகை உண்டு. பலகையில் எழுதியிருப்பதை முதலில் படித்துவிட்டுக் கிண்ணத்தை எடுப்பது நல்லது. வெறுங்கையோடு ஒருமுறை அலமாரியைச் சுற்றிப் பார்த்துவிடுவதும் நல்லது. பார்த்ததையெல்லாம் வரிசையாகப் போட்டுக்கொண்டே போகிறவர்கள், கடைசியில் இருக்கும் நல்ல காளானையோ இறைச்சியையோ பார்க்கும்போது கிண்ணத்தில் இடமிருக்காது. எடுத்ததைத் திரும்ப அலமாரியில் வைப்பது மட்டும் கூடாது. அது அடுத்தவர் சாப்பிடப்போவது.

"நமக்கென்ன, மிளகாய் பழகிய நாக்கு"

தமிழர்கள் செய்யும் தவறுகளில் இதுவே முதன்மையானது. ஆந்திர ஊறுகாயையும் செட்டிநாட்டு வறுவலையும் சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மாலாதாங் கடையில் உச்சக் காரம் கேட்டுவிட்டுப் பாதியில் கரண்டியை வைத்துவிடுகிறார்கள். மிளகாயைத் தாங்குவதில் அவர்களுக்குக் குறை ஒன்றுமில்லை. இந்த சூப்பில் மிளகாயோடு வேறொன்றும் வேலை செய்கிறது.

அது சிச்சுவான் மிளகு. பெயரில்தான் மிளகு, நம் கருமிளகுக்கும் அதற்கும் உறவில்லை. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முள்மரத்தின் காய்த்தோல் அது. நம் கறிவேப்பிலையும் அதே குடும்பம்தான். கொங்கணக் கரையில் மீன் குழம்புக்குப் போடும் திர்பல் இதற்கு நெருங்கிய சொந்தம். மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது, அதனால் எரிகிறது. சிச்சுவான் மிளகில் உள்ள சான்ஷூல் என்ற பொருள் தொடுதலையும் அதிர்வையும் உணரும் நரம்பிழைகளைத் தூண்டுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மிளகை உதட்டில் தடவிக்கொண்டவர்கள் நொடிக்கு ஏறக்குறைய 50 முறை அதிர்வதுபோன்ற உணர்வைப் பெற்றது தெரியவந்தது. உதடு விறுவிறுவென்று துடித்து, நாக்கு மரத்து, தண்ணீர்கூட வேறு சுவையாகத் தெரிகிறதென்றால் காரணம் இதுதான். மிளகாய்ப் பழக்கம் இதற்குப் பயிற்சி ஆகாது.

ஆகவே முதல்முறை போகிறவர், எவ்வளவு காரம் சாப்பிடுகிறவராக இருந்தாலும், குறைந்த அளவிலேயே தொடங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். சிங்கப்பூர்க் கடைகளில் அது 'சியாவ் லா'. நடுத்தரம் 'ஜோங் லா'. உச்சம் 'தா லா'. மரமரப்புதான் பிடிக்கவில்லை, மிளகாய்க் காரம் சரி என்றால் அதையும் தனியாகச் சொல்லலாம். பல கடைகளில் இரண்டையும் பிரித்துப் போட முடியும், ஆனால் கேட்டால்தான் உண்டு. காரத்தைக் கூட்டுவது எளிது: மேசையிலோ சுவைச்சாறு வைத்திருக்கும் மேடையிலோ மிளகாய் எண்ணெய் இருக்கும். ஏறிய காரத்தை இறக்க வழி கிடையாது.

பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. காரம் சூப்பின் மேல் மிதக்கும் சிவப்பு எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெயை எது பிடித்துக்கொள்கிறதோ அது காரமாக இருக்கும். கீரை, எனோகி காளான், பொரித்த டோஃபு, சுருண்ட இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் நான்கும் எண்ணெயை அப்படியே உறிஞ்சும். தாமரைத்தண்டு, முள்ளங்கி, சோளம், காடை முட்டை போன்றவற்றின் மேல் எண்ணெய் ஒட்டாது, வழுக்கிவிடும். ஒரே கடையில் ஒரே 'ஜோங் லா' கேட்ட இருவரில் ஒருவர் கண்ணீர் விடுவதற்கும் மற்றவர் நிம்மதியாகச் சாப்பிடுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கீரையும் பொரித்த டோஃபுவும் நிறைய எடுத்திருந்தால் காரத்தை ஒரு படி இறக்கிச் சொல்லுங்கள்.

எரிந்தால் குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று குடிப்பதில் பயனில்லை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலிலோ தயிரிலோ உள்ள புரதம் அதைப் பிடித்து இழுத்துச் செல்லும். கடையில் பால் இல்லையென்றால் கொஞ்சம் வெறும் சோறு உதவும். மரமரப்புக்கு மருந்து தேட வேண்டாம், சிறிது நேரத்தில் அதுவே அடங்கிவிடும்.

வெள்ளை சூப் என்றால் சைவம் என்று நினைப்பது

சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறியாகப் பொறுக்கியெடுத்து, சிவப்பு சூப்பை விட்டுவிட்டுப் பால்போல வெளுத்திருக்கும் சூப்பைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வெண்மை பெரும்பாலும் எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டதால் வருவது. பன்றி, மாடு, கோழி எதுவாகவும் இருக்கலாம். தக்காளி சூப்புக்கும் அடியில் எலும்புச் சாறே இருப்பது வழக்கம். சிவப்பு சூப்பின் விழுதைப் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் தாளிக்கிறார்கள். சொங்சிங் நகர, சிச்சுவான் மாகாணப் பாணியின் மணத்துக்கே அந்தக் கொழுப்புதான் ஆதாரம். மாட்டிறைச்சி தொடாத குடும்பத்தினர் கோழித்துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக உட்காருவது இதனால் தவறாகிப்போகிறது.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. சூப் எதில் கொதித்தது? விழுது மாட்டுக் கொழுப்பிலா, தாவர எண்ணெயிலா? எல்லோருடைய கிண்ணத்தையும் ஒரே கொதிநீரில்தான் வேகவைக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் 'ஆம்' என்றே பதில் வரும். கண்டிப்பான சைவர்களுக்கு அப்படிப்பட்ட கடை ஒத்துவராது. சைவ மாலா என்றே பெயர் போட்டு நடத்தும் கடையைத் தேடிப் போவதுதான் சரி. ஹலால் பார்க்கிறவர்களும் பன்றியிறைச்சி அலமாரியில் இல்லையே என்று நம்பிவிடக்கூடாது. சான்றிதழைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சான்றிதழ் பெற்ற மாலா கடைகள் இருக்கின்றன.

அலமாரியில் ஏமாற்றும் பொருட்களும் உண்டு. நண்டுக் குச்சி என்பது மீன் விழுதால் செய்தது, அதில் முட்டையும் கோதுமையும் சேர்வது வழக்கம். கருஞ்சிவப்பில் அல்வாத் துண்டுபோல மினுங்குவது வாத்து இரத்தம். சிங்கப்பூரில் இரத்த உணவுக்குத் தடை இருப்பதால் அங்கே கண்ணில் படாது, சீனாவில் அது சாதாரணம். சாம்பல் நிறத்தில் முடிச்சு முடிச்சாக இருப்பதைப் பார்த்து இறைச்சி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது கொஞ்ஜாக் கிழங்குமாவில் செய்தது, சைவம்தான். நிலக்கடலை, எள் ஒவ்வாமை உள்ளவர்கள் சுவைச்சாறு மேடையில் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. சீனாவின் வடகிழக்குப் பாணிக் கடைகளில் எள் விழுதை சூப்பிலேயே கலந்து தருவதுண்டு.

எல்லா மாலாதாங்கும் ஒன்றல்ல

மாலாதாங்கில் பாணிகள் பல. சூப்பைக் குடிக்கலாமா கூடாதா என்பதும் பாணியைப் பொறுத்ததுதான். மாலாதாங்கின் பிறப்பிடம் சிச்சுவான், லெஷான் பக்கத்து ஆற்றங்கரை என்பார்கள். படகோட்டிகளும் படகை இழுத்துச் செல்பவர்களும் கரையில் கல் அடுக்கி, கிடைத்த கீரையையும் குடலையும் மிளகாய்த் தண்ணீரில் முக்கி எடுத்துச் சாப்பிட்டதில் தொடங்கியதாகக் கதை. அந்த வழியில் வந்த சிச்சுவான் பாணியில் சூப் என்பது வேகவைத்துச் சுவையேற்றும் ஊடகம் மட்டுமே, அதை யாரும் குடிப்பதில்லை. பிறகு இந்த உணவு வடகிழக்குக்குப் போய், குளிர் நாட்டுக்கு ஏற்ப எலும்புச் சாறும் எள் விழுதும் சேர்ந்து குடிக்கத் தக்கதாக மாறியது. 2003இல் ஹார்பினில் தொடங்கிய யாங் குவோஃபு போன்ற தொடர்கடைகள் உலகெங்கும் கொண்டுபோனது இந்த வடகிழக்குப் பாணியைத்தான். 2024 வசந்தத்தில் கான்சு மாகாணத்தின் தியன்ஷுய் நகர மாலாதாங் சீனா முழுவதும் பேசப்பட்டது. அதில் சூப்பே குறைவு, கான்கு வட்டாரத்து மிளகாய்ப்பொடியும் அகலமான உருளை மாவு நூடுல்ஸும்தான் பிரதானம்.

கிண்ணத்தின் மேல் சிவப்பு எண்ணெய் கெட்டியாக நின்றால் குடிக்காதீர்கள். வெளுத்த சூப்பாக இருந்தாலும் நான்கைந்து கரண்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மாலாதாங் சூப் முழுவதையும் குடித்தால் அந்த அளவில் பெரும்பகுதி ஒரே வேளையில் போய்விடும். மீன் உருண்டை, சாசேஜ், டப்பா இறைச்சி மூன்றும் ஏற்கெனவே உப்புப் போட்டுச் செய்தவை. அவற்றை நிறைய எடுத்துவிட்டு சூப் கரிக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. சீன முட்டைக்கோஸும் முள்ளங்கியும் கொஞ்சம் சேர்த்தால் அவை விடும் தண்ணீரும் இனிப்பும் உப்பைத் தணிக்கும்.

வேகும் நேரம், நூடுல்ஸ், கடைசியில் சுவைச்சாறு

சாம்பாரில் முருங்கைக்காயையும் வெண்டைக்காயையும் ஒரே நேரத்தில் போட மாட்டோம். நல்ல மாலாதாங் சமையற்காரரும் அப்படித்தான், கடினமானதை முதலில் போடுவார். ஆனால் மதிய நெரிசலில் எல்லாம் ஒரே வலைக்கரண்டியில் ஒன்றாக இறங்கிவிடும். தடித்த உருளைக்கிழங்கும் பாலக்கீரையும் ஒன்றாக எடுத்தால் ஒன்று வேகாமல் கிடக்கும், அல்லது மற்றது குழைந்துபோகும். மெல்லிசாகச் சீவிய துண்டுகளையே எடுங்கள். பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கியால் நூடுல்ஸை எடுக்காதீர்கள். இறைச்சிக்குத் தனிக் கிண்ணம் வைத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பரிமாறியதும் மீன் உருண்டையைப் பிளந்து பாருங்கள். நடுவில் குளிர்ந்திருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். பொரித்த டோஃபுவை முழுதாக வாயில் போடவே கூடாது. உள்ளே கொதிக்கும் சூப் நிறைந்திருக்கும், குழந்தைகளுக்கு முதலில் பிய்த்து ஆறவைக்க வேண்டும்.

நூடுல்ஸில் ஒரு வகை போதும். இரண்டு மூன்று வகை எடுத்தால் மாவு கரைந்து சூப் கஞ்சிபோல் ஆகிவிடும், எல்லாம் உப்பிக்கொண்டு கிண்ணமும் நிரம்பிவிடும்.

சுவைச்சாறு மேடையில் எள் விழுது, பூண்டுத் தண்ணீர், கருவினிகர், சர்க்கரை, கொத்தமல்லி, மிளகாய் எண்ணெய் எல்லாம் இருக்கும். கிண்ணம் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கலந்து வைத்துக்கொள்வது பலரின் வழக்கம். முதலில் சூப்பைச் சுவைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பாணிக் கிண்ணத்துக்கு ஒரு கரண்டி வினிகரும் கொஞ்சம் பூண்டும் போதும். எள் விழுது ஏற்கெனவே உள்ளே இருக்கும். சிவப்பு சூப்புக்கு எள் விழுதைத் தனிக் கோப்பையில் வைத்துத் தொட்டுக்கொண்டால் காரம் வாயில் இறங்குவது மட்டுப்படும். நூடுல்ஸை உறிஞ்சி இழுக்காமல் கரண்டியில் வைத்துச் சாப்பிடுங்கள். மிளகாய் எண்ணெய் மூச்சுக்குழலில் ஏறினால் இருமல் நிற்கவே நிற்காது.

வீட்டுக்கு வாங்கிச் செல்வதென்றால் சூப்பையும் பொருட்களையும் தனித்தனியாகக் கட்டித்தரச் சொல்லுங்கள், முடியாத கடையில் நூடுல்ஸைத் தவிர்த்துவிடுங்கள். வழியிலேயே அது சூப்பையெல்லாம் குடித்துவிடும்.