துருவக் கடல் புழுவைப் புதிய சிற்றினமாக விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்டார்க்டிகா பக்கமோ கிரீன்லாந்து பக்கமோ கடலடிச் சேற்றை அள்ளிச் சலித்தால் பாலிகீட் புழுக்கள் கட்டாயம் கிடைக்கும். உடம்பின் இரு பக்கமும் வரிசையாகப் பக்கக்கால்கள், ஒவ்வொன்றிலும் கொத்தாக முட்கள். உலக அளவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. துருவக் கடல்களில் பெயரில்லாதவை இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்று கையில் கிடைத்ததும் அவசரப்பட்டு எழுதிவிட்டால், அந்தக் குழப்பத்தை அவிழ்க்கப் பின்னால் வருபவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தவறான புழுவோடு ஒப்பிடுவது. கேப்பிடெல்லா கேப்பிடாட்டாவின் கதையைப் பாருங்கள். கிரீன்லாந்தில் மதப் பணியாளராக இருந்த ஓட்டோ ஃபேப்ரிசியஸ் 1780-ல் தன் நூலில் இதற்குப் பெயர் வைத்தார். நூல் போல மெலிந்த சிவப்புப் புழு. அப்புறம் உலகில் எங்கே அழுக்குச் சேற்றில் இதைப் போல ஒன்று கிடைத்தாலும் அதே பெயரை எழுதினார்கள். இந்தியத் துறைமுகங்களிலிருந்தும் அந்தப் பெயரில் பதிவுகள் உண்டு. 1976-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, அந்த ஒரே பெயருக்குள் ஆறு சிற்றினங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டியது. உருவத்தில் கிட்டத்தட்ட ஒன்று, இனப்பெருக்க முறையிலும் நொதிகளிலும் வேறு. சரி, அப்படியானால் உண்மையான கேப்பிடாட்டா எது? அதைத் தீர்மானிக்க மேற்கு கிரீன்லாந்து மாதிரிகளை வைத்து மறுவிவரிப்பு எழுதி, பெயருக்கு ஆதாரமாக நிற்கும் அடிப்படை மாதிரி ஒன்றைப் புதிதாக நியமிக்க வேண்டியிருந்தது. அது நடந்தது 2009-ல்.

இதே சிக்கல் டெரெபெல்லைட்ஸ் ஸ்ட்ரோமியையிலும் வந்தது. 1835-ல் நார்வேயிலிருந்து விவரிக்கப்பட்டு, எங்கும் பரவியிருப்பதாக நம்பப்பட்ட புழு இது. 2018-ல் வெளியான மரபணு ஆய்வு, வடகிழக்கு அட்லாண்டிக்கிலும் அதை ஒட்டிய ஆர்க்டிக் கடல்களிலும் மட்டுமே இந்தப் பேரினத்தில் 25-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருப்பதைக் காட்டியது.

ஆகவே 'இது அந்தச் சிற்றினத்திலிருந்து வேறுபடுகிறது' என்று எழுதும்போது, எந்த ஊர் மாதிரியிலிருந்து என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். முடிந்தால் அதன் ஹோலோடைப்பையே, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட ஒற்றை மாதிரியையே, அருங்காட்சியகத்திலிருந்து வரவழைத்துப் பாருங்கள். முடியாவிட்டால், அது முதலில் எடுக்கப்பட்ட இடத்துக்கு அருகில் கிடைத்த மாதிரிகளையாவது பாருங்கள். வடதுருவப் பெயர் கொண்ட ஒரு புழு தென்துருவப் பட்டியலிலும் இருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அண்டார்க்டிகாவைச் சுற்றி ஓடும் நீரோட்டம் அங்குள்ள உயிர்களை நெடுங்காலமாகத் தனிமைப்படுத்தி வைத்திருக்கிறது. பழைய விவரிப்புகளைப் படிக்காமல் தாண்டுவதும் இதோடு சேர்ந்த தவறு. பழைய புழு ஆய்வாளர்களில் மால்ம்கிரென் லத்தீனில் எழுதினார், ஏலர்ஸ் ஜெர்மனில், உஷாகோவ் ரஷ்ய மொழியில். மொழி தெரியாது என்று விட்டுவிட்டால், அவர்கள் ஏற்கெனவே பெயர் வைத்த புழுவுக்கே நாமும் பெயர் வைத்துவிடுவோம்.

அடுத்தது கப்பல் மேல்தளத்தில் நடக்கும் சேதம். அண்டார்க்டிக் அடித்தள நீர் பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 1.8 டிகிரி வரைகூட இருக்கும். அங்கிருந்து வந்த புழுவை வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் அலசினால் அது சுருண்டு, உடைந்து, பாதி கழன்றுவிடும். குளிர்ந்த கடல்நீரில்தான் சலிக்க வேண்டும். செதில்புழுக்கள் தொட்டாலே முதுகுச் செதில்களை உதிர்த்துவிடும். இரண்டு புழுக்களை ஒரே குப்பியில் போட்டால், எந்தச் செதில் யாருடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆளுக்கொரு குப்பி, உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டு.

உயிரோடு இருக்கும்போதே படம் எடுங்கள். ஆல்கஹாலில் நிறம் போய்விடும், கண்புள்ளிகளும் மங்கும். அதன் பிறகு மெக்னீசியம் குளோரைடு கரைசலில் தளர விட்டு, பின்பகுதியிலிருந்து சில பக்கக்கால்களை வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடலாம். மீதி உடம்பு ஃபார்மலினுக்குப் போகட்டும். முழுப் புழுவையும் ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. கெடும். முழுவதையும் கடும் எத்தனாலில் போட்டால் உடம்பு சுருங்கி விறைத்து, உருவத்தை வரையவே முடியாது. இன்னொன்று: மரபணு வரிசையை வேறொரு புழுவிலிருந்து எடுத்துவிட்டு ஹோலோடைப்பின் பெயரில் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஹோலோடைப்பிலிருந்தே எடுத்தால்தான் அந்த வரிசையும் பெயரும் ஐயமில்லாமல் ஒட்டும்.

நுண்ணோக்கியில் முட்களைப் பார்க்கும் இடத்தில் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு நடக்கிறது. ஹார்மோதோ போன்ற செதில்புழுக்களில் பக்கக்காலின் கீழ்க்கொத்து முள்ளின் நுனி பெரும்பாலும் இரட்டைப் பல்லாக இருக்கும். பெரிய பல்லுக்குக் கீழே சின்னதாக இன்னொன்று. மணலில் உரசி உரசி அந்தச் சின்னப் பல் தேய்ந்துபோகும், அல்லது முள் திரும்பிக் கிடக்கும் கோணத்தால் கண்ணுக்குத் தெரியாது. உடனே 'ஒற்றைப் பல், புதிய சிற்றினம்' என்று எழுதினால் கதை கெட்டது. ஸ்லைடை மெல்லத் தட்டி முள்ளைப் புரட்டிப் பாருங்கள். கொத்தில் இப்போதுதான் முளைத்து வரும் முட்களைத் தேடுங்கள். உண்மை அங்கேதான் தேயாமல் இருக்கும்.

வயதால் வரும் வேறுபாட்டைச் சிற்றின வேறுபாடாக எடுத்துக்கொள்வதும் இதே வகை. பல குடும்பங்களில் செவுள்கள் உடம்பின் எந்தக் கண்டத்தில் (வளையத் துண்டில்) தொடங்குகின்றன, எத்தனை கண்டங்கள் என்பதெல்லாம் புழு வளர வளர மாறும். ஒரே ஒரு மாதிரியை வைத்து, அதுவும் வால் அறுந்த துண்டை வைத்து எழுதுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். சிறியதும் பெரியதுமாகப் பல மாதிரிகளை அளந்து வரம்பைக் கொடுங்கள். அகலம் என்று எழுதினால் பக்கக்கால்களைச் சேர்த்தா, முட்களையும் சேர்த்தா, எத்தனையாவது கண்டத்தில் என்பதையும் எழுதுங்கள்.

தொண்டை வெளியே தள்ளிய நிலையையும் குறித்தாக வேண்டும். 1939-ல் விவரிக்கப்பட்ட அண்டார்க்டிக் செதில்புழு யூலாகிஸ்கா ஜைஜாண்டியாவின் படம் இணையத்தில் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. பல்லோடு நீண்டிருக்கும் அந்தப் பகுதியைப் பலர் தலை என்று நினைக்கிறார்கள். அது வெளியே புரட்டப்பட்ட தொண்டை. உண்மையான தலை அதற்கு மேலே சின்னதாக இருக்கிறது.

விலங்குகளுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசச் சட்டத்தில் சறுக்குபவர்களும் உண்டு, ஆனால் இவை எளிதில் தவிர்க்கக்கூடியவை. 1999-க்குப் பிறகு வரும் சிற்றினப் பெயர் செல்லுபடியாக, பெயருக்கு ஆதாரமான டைப் மாதிரி எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிட்டால், முன்கூட்டியே ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு செய்து அந்தச் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த விதி 2012-லிருந்து இருக்கிறது. அண்டார்க்டிகா என்ற சொல்லை வைத்துச் சிற்றினப் பெயர் சூட்ட ஆசையாக இருந்தால், அந்தப் பேரினத்தில் யாராவது ஏற்கெனவே எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். பேரினத்தின் பாலுக்கு ஏற்ப விகுதியும் மாற வேண்டும். மாநாட்டுச் சுருக்கத்தில் புதுப் பெயரை முன்கூட்டியே அச்சடித்துவிடாதீர்கள். விவரிப்பு இல்லாத அந்த வெற்றுப் பெயர் பிறகு பட்டியல்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹோலோடைப்பை உங்கள் ஆய்வக அலமாரியில் வைக்காமல், மற்றவர்களுக்கும் பார்க்கக் கொடுக்கும் பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, அவர்கள் தரும் எண்ணைக் கட்டுரையில் எழுதுங்கள். பாராடைப்கள், அதாவது ஹோலோடைப்போடு சேர்த்து விவரிப்புக்குப் பயன்படுத்திய மற்ற மாதிரிகள், போதுமான அளவு இருந்தால், அவற்றை இரண்டு மூன்று அருங்காட்சியகங்களுக்குப் பிரித்து அனுப்புங்கள்.