காலையில் தாடை வலி, இரவில் குறட்டை: நைட் கார்டு செய்வதற்கு முன்

எழுந்ததும் காதுக்கு முன்னால் வலி, கன்னச் சதையில் இறுக்கம், நெற்றிப்பொட்டில் பாரம். பல் மருத்துவர் பார்த்துவிட்டு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று சொல்லி மேல்வரிசைக்கு ஒரு நைட் கார்டு, அதாவது இரவில் பற்கள் மேல் மாட்டும் தட்டு, செய்து தருவார். பலருக்கு அது போதும். ஆனால் அதே ஆள் சத்தமாகக் குறட்டை விடுகிறார், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அயர்கிறார் என்றால், முதலில் மூச்சைச் சோதிக்க வேண்டும், பிறகுதான் தட்டு. இந்த வரிசை மாறினால் தாடையும் குணமாகாது, மூச்சும் கெடலாம்.

காரணம் இதுதான். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கு நாக்கின் அடிப்பகுதியும் மென் அண்ணமும் பின்னால் சரிந்து மூச்சு வழியை 10 விநாடி அல்லது அதற்கு மேலும் அடைத்துவிடும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும், மூளை அரைகுறையாக விழிக்கும், மூச்சு திரும்பும். அந்த அரை விழிப்பின்போது தாடைத் தசைகளும் சேர்ந்து இறுகுவது உண்டு. இரவு முழுக்க இப்படித் துண்டுபட்ட தூக்கம், வலியைத் தாங்கும் திறனையும் குறைக்கிறது. அமெரிக்காவில் தாடை மூட்டுக் கோளாறு இல்லாத, 18 முதல் 44 வயதுக்குட்பட்ட 2,600-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. ஆப்னியா அறிகுறிகள் இருந்தவர்களுக்குப் புதிதாகத் தாடைக் கோளாறு வருவது 73 சதவீதம் அதிகமாக இருந்தது. அதற்காகப் பல் கடிப்பதற்கெல்லாம் ஆப்னியாதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனஅழுத்தம், சில மருந்துகள், அளவுக்கு மீறிய காபி ஆகியவையும் காரணமாகலாம்.

இனி நைட் கார்டு. மேல்வரிசைத் தட்டு வாயைச் சில மில்லிமீட்டர் திறந்தே வைக்கிறது. கீழ்த்தாடை கீழே இறங்கும்போது கொஞ்சம் பின்னாலும் போகும், நாக்குக்கு இடம் குறையும். ஆப்னியா உள்ள 10 பேருக்கு இப்படிப்பட்ட தட்டை மாட்டிப் பார்த்த, 2004-இல் வெளியான கனடா ஆய்வொன்றில், 5 பேருக்கு மூச்சுத்தடை எண்ணிக்கை 50 சதவீதத்துக்கு மேல் கூடியது. மிகச் சிறிய ஆய்வு. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்பதற்கில்லை. ஆனால் சோதிக்காமல் மாட்டக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

வீட்டில் இரண்டு வாரம் செய்ய வேண்டியவை

எழுந்ததும் கண்ணாடி முன் நின்று, பிளாஸ்டிக் ஸ்கேலை முன்பற்களுக்கு இடையே வைத்து வலியில்லாமல் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து எழுதுங்கள். பெரியவர்களுக்கு 40 முதல் 50 மி.மீ. வரை திறப்பது இயல்பு. ஸ்கேல் இல்லாவிட்டால் நடு மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். திறக்கும்போது தாடை நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்றும் கவனியுங்கள். 35 மி.மீ.க்குள் நின்றுபோய், ஒரே பக்கம் இழுத்தால் அந்தப் பக்க மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் வட்டு விலகிச் சிக்கியிருக்கலாம். வலியே இல்லாத வெறும் 'கிளிக்' சத்தத்துக்குப் பெரும்பாலும் எந்த வைத்தியமும் தேவையில்லை. அதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

பாக்கு, குட்கா பழக்கம் இருந்தவர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. வாய் திறப்பு குறைந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார் போல் இறுகியிருந்தால் அது மூட்டுக் கோளாறாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாக்கினால் வரும் வாய்ச்சவ்வு இறுக்கமாக இருக்கலாம். அது புற்றுநோயாக மாறக்கூடியது. தட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைக் காட்டியாக வேண்டும்.

தலைவலியையும் பிரித்துப் பாருங்கள். எழும்போது இருபுறமும் அழுத்தமாக இருந்து சில மணி நேரத்தில் தானே விலகுவது ஆப்னியாவின் பாணி. மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் கூடுவது தாடையின் பாணி. இரண்டும் ஒருவருக்கே இருப்பது சகஜம்.

மூச்சுக்கு எட்டு கேள்விகள்: கதவுக்கு வெளியே கேட்கும் குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நின்றதை மற்றவர் பார்த்திருப்பது, ரத்த அழுத்தம், உடல் பருமன், 50-க்கு மேல் வயது, 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருப்பது. மூன்று 'ஆம்' வந்தால் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூக்கத்தில் மூச்சைப் பதிவு செய்யும் சோதனை, கேளுங்கள். ஐந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு இந்தப் பட்டியல் சரியாகப் பொருந்தாது. தாடை மூட்டு வலி அவர்களிடம்தான் அதிகம். ஆப்னியாவோ குறட்டையாக இல்லாமல் தூக்கமின்மை, களைப்பு, காலைத் தலைவலி என்று வெளிப்படலாம். மதிப்பெண் குறைவு என்று விட்டுவிட வேண்டாம்.

சோதனைக்குப் பிறகு

அறிக்கையில் ஏ.ஹெச்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. கடுமையானதற்கு, மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தந்து மூச்சு வழியைத் திறந்து வைக்கும் சிபாப் கருவிதான் முதல் வழி. லேசான, நடுத்தர நிலைக்குக் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் வாய்க்கருவியும் உண்டு.

வாய்க்கருவி தாடை வலிக்காரர்களுக்கு ஆகவே ஆகாது என்பது தவறு. வலியைக் கொஞ்சம் அடக்கிவிட்டு, மெதுவாக நகர்த்தினால் பெரும்பாலோர் பழகிவிடுவார்கள். கெடுவது அவசரத்தால்தான். தாடையைப் பின்னுக்கு இழுத்த நிலையிலிருந்து முடிந்தவரை முன்னே தள்ளும் நிலை வரை உள்ள தூரத்தை மருத்துவர் அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். அது 10 மி.மீ. என்றால், 5 மி.மீ. அளவில் தொடங்குவது பாதுகாப்பு. பிறகு வாரத்துக்கு அரை மி.மீ.; காலை வலி கூடினால் ஒரு படி பின்வாங்கி, வலி தணியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். மொத்தத் தூரமே 5 மி.மீ.க்குக் குறைவாக இருப்பவருக்கும், ஒவ்வொரு வரிசையிலும் உறுதியான பற்கள் எட்டாவது இல்லாதவருக்கும், ஈறு நோயால் பல் ஆடுபவருக்கும் இது சரிவராது. வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் ஆன்லைன் கருவிகளைத் தாடை வலி உள்ளவர்கள் தொடவே வேண்டாம். அவற்றில் தள்ளும் அளவைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த முடியாது.

காலையில் கருவியைக் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாததுபோல் இருக்கும். உடனே இட்லியைக்கூட மெல்லாமல், மருத்துவர் தந்த காலைக் கடிப்பட்டையை 15 நிமிடம் மெதுவாகக் கடித்துப் பற்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இதைத் தவறவிடுகிறவர்களுக்குச் சில ஆண்டுகளில் கடிப்பே மாறிவிடும் வாய்ப்பு கூடுதல். நாக்கு நுனியை மேற்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்தபடி, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடும் பயிற்சி: ஆறு தடவை, ஒரு நாளில் ஆறு வேளை. முறுக்கு, சீடை, கரும்பு ஆகியவற்றை வலி அடங்கும்வரை ஒதுக்குங்கள்.

சிபாப் போடுகிறவர்கள் மூக்கு மட்டும் மூடும் மாஸ்க் அல்லது நாசித்துளையில் பொருந்தும் மாஸ்க் கேளுங்கள். முழு முக மாஸ்க்கின் பட்டை இறுகினால் தாடையைப் பின்னுக்குத் தள்ளும். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். வாய் வழியாகக் காற்று கசிகிறது என்று மோவாய்ப் பட்டை கட்டுவது மூட்டுக்கு ஆகாது. முதலில் மூக்கடைப்பைச் சரிசெய்யுங்கள்.

தாடை வலிக்குத் தரும் மாத்திரைகளில் கவனம் தேவை. ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலி நிவாரணிகளும் தூக்க மாத்திரைகளும், தூக்கம் வரவழைக்கும் சில தசைத் தளர்த்திகளும் ஆப்னியாவை மோசமாக்கலாம். குறட்டை இருப்பதை மருந்து எழுதுபவரிடம் சொல்லிவிடுங்கள். இரவில் குடிக்கும் மதுவும் ஆப்னியாவை மோசமாக்கலாம்.

காத்திருக்கக் கூடாதவை: நடந்தால் வரும், நின்றால் போகும் தாடை வலி இதயத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை சோர்ந்துபோதல், பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திறந்த வாய் மூடாமல் நின்றாலும் அப்படியே.

வாய்க்கருவி சரியான அளவுக்கு வந்ததும், அதை மாட்டிக்கொண்டே மறுபடி ஒரு ஸ்லீப் ஸ்டடி எடுக்க வேண்டும். குறட்டை நின்றதால் மூச்சுத்தடையும் நின்றது என்று சொல்ல முடியாது. அதன்பின் முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, கடிப்பையும் வாய் திறப்பையும் முதல் நாள் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.