லேப்டாப்புக்கு ரேம் வாங்கும்முன் இதையெல்லாம் பாருங்கள்

லேப்டாப் திணறுகிறது என்றதும் 8 ஜிபி ரேம் ஒன்றை ஆர்டர் போட்டுவிடுகிறோம். வந்து சேர்ந்த ரேம் ஸ்லாட்டில் உட்கார மறுக்கிறது. இல்லை, உட்கார்ந்தும் திரை கறுப்பாகவே நிற்கிறது. இப்படித் திருப்பி அனுப்பப்படும் ரேம்களில் பல நல்ல ரேம்கள்தான், அந்த லேப்டாப்புக்குப் பொருந்தாதவை, அவ்வளவே. எத்தனை ஜிபி, என்ன விலை என்பதைக் கடைசியில் பார்க்கலாம். உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

ரேம் மாற்றவே வழியில்லாத லேப்டாப்புக்கு ரேம் வாங்குவது பெரிய தவறு. மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்டிருக்கும். மேக்புக் ஏரில் எந்த மாடலிலும் ரேமைக் கழற்ற முடியாது. சிலவற்றில் பாதி ரேம் போர்டிலும் மீதிக்கு ஒரே ஒரு ஸ்லாட்டும் இருக்கும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் அது சால்டர் செய்த ரேம். அங்கே காட்டும் ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிட வேண்டாம். போர்டில் ஒட்டிய சிப்களையும் சில லேப்டாப்கள் ஸ்லாட் என்றே கணக்குக் காட்டும். தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில் உங்கள் மாடல் எண்ணைத் தேடிப் பார்ப்பதே உறுதியான வழி.

ஸ்லாட் இருக்கிறதா, சரி. அடுத்து பழைய ரேமின் ஸ்டிக்கரைப் படியுங்கள். உதாரணத்துக்கு, '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-எஸ்ஏ2-11' என்று இருக்கும். பிசி4 என்றால் டிடிஆர்4, அதாவது ரேமின் நான்காம் தலைமுறை. 2666 என்பது வேகம். எஸ்ஏ2 என்பதில் வரும் எஸ், இது லேப்டாப்புக்கான சிறிய எஸ்ஓ-டிம் வகை என்கிறது. இதே வேகத்தைச் சில கடைகள் பிசி4-21300 என்று எழுதுவார்கள். 2666-ஐ எட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட அதுதான் வரும், இரண்டும் ஒன்றே. டிடிஆர்4-க்கு 260 பின் (ஸ்லாட்டைத் தொடும் தங்க நிறப் பற்கள்), டிடிஆர்5-க்கு 262 பின், நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. அழுத்தி நுழைக்கப் பார்த்தால் ஸ்லாட் போய்விடும், அப்புறம் மதர்போர்டு செலவுதான்.

நுழைந்துவிடுவதால் ஏமாற்றுவது டிடிஆர்3. பழைய லேப்டாப்பை 4 ஜிபியிலிருந்து ஏற்ற நினைப்பவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டுக்கும் 204 பின், வெட்டும் ஒரே இடம். ஆனால் முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். ஸ்டிக்கரில் வித்தியாசம் ஒரே எழுத்து: பிசி3-12800எஸ், பிசி3எல்-12800எஸ். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் 1.35 வோல்ட் கேட்பவை. அவற்றில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் பீப் சத்தத்தோடு நின்றுவிடலாம், ஆன் ஆகாமலே போகலாம். மறுபக்கம், டிடிஆர்3எல் ரேம்களில் பெரும்பாலானவை 1.5 வோல்ட்டிலும் ஓடும். ஆகவே செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது சந்தேகம் வந்தால் எல் உள்ளதையே எடுங்கள்.

அதே நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. '16 ஜிபி வரை' என்று போட்டிருப்பதைப் பார்த்து 16 ஜிபி ரேம் ஒன்றை வாங்கிவிடுவார்கள். அந்த 16, இரண்டு ஸ்லாட்டில் 8 ஜிபி வீதம் வருவது. ஒரே ஸ்லாட்டில் 16 ஜிபி ரேமைப் போட்டால் அதில் உள்ள சிப்களை அந்தப் பிராசஸர் ஏற்காது.

வேகத்துக்காக அதிகப் பணம் கொடுப்பதும் பல நேரம் வீண். 2400-ல் ஓடும் லேப்டாப்பில் 3200 ரேம் போட்டால் அதுவும் 2400-லேயே ஓடும். வெவ்வேறு வேகத்தில் இரண்டு இருந்தால் மெதுவானதற்கு மற்றது இறங்கி வரும். கேமிங் ரேம்களில் எக்ஸ்எம்பி (வழக்கத்தைவிடக் கூடுதல் வேகத்துக்கான அமைப்பு) என்று போட்டிருக்கும் வேகம், லேப்டாப் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பயாஸ் மென்பொருளில் அதை ஆன் செய்தால்தான் கிடைக்கும். பெரும்பாலான லேப்டாப் பயாஸ்களில் அந்த வசதியே இல்லை. வேறு வேறு பிராண்டு கலப்பதைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம், வகையும் வோல்ட்டும் ஒத்துப்போனால் பெரும்பாலும் ஓடும். உண்மையில் பலன் தருவது இரண்டு ஸ்லாட்டிலும் ரேம் இருப்பது. இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் தரவு அனுப்புவதை இரட்டைச் சேனல் என்பார்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இதன் பலன் கண்ணுக்கே தெரியும்.

மாட்டும்போது சார்ஜரைக் கழற்றினால் மட்டும் போதாது. கையேடு சொல்லும்படி பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். ரேமைச் சாய்வாக நுழைத்து, தங்க நிறப் பற்கள் உள்ளே மறைந்தபின் கீழே அழுத்தினால் இரு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பிடிக்கும். டிடிஆர்5 லேப்டாப் முதல் முறை ஆன் ஆகச் சில நிமிடங்கள்கூட எடுக்கலாம், புதிய ரேமை அது பழகிக்கொள்ளும் நேரம் அது. பவர் பட்டனை அமுக்கிப் பாதியில் அணைத்துவிட வேண்டாம். விண்டோஸ் திறந்தவுடன் மொத்த ஜிபி சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அன்று இரவே ரேமில் பிழை உண்டா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும், கடைக்காரர் கொடுத்த திருப்பித்தரும் நாள் முடிவதற்குள் பில்லோடு கொண்டுபோய் மாற்றிவிடுங்கள்.