வீட்டு ரெண்டரிங் கணினிக்கு ஏற்ற கிராஃபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைப் பழகிக்கொண்டு, வீட்டு உள்ளலங்காரக் காட்சிகளையோ சிறு அனிமேஷன்களையோ செய்யத் தொடங்கியவர்கள் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றித் தேடும்போது, கண்ணில் படுவதெல்லாம் விளையாட்டுப் பிரியர்களுக்காக எழுதப்பட்ட மதிப்புரைகளே. ஒரு விளையாட்டில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் கிடைக்கும் என்பதை அவை விரிவாகச் சொல்லும்; என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நுட்பம் இடையிடையே உண்டாக்கித் தரும் ஃபிரேம்களால் உங்கள் இறுதி ரெண்டர் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) ஒரு நொடிகூட முன்னதாக முடியாது என்பதைச் சொல்லமாட்டா. எனவே ரெண்டரிங்கிற்கு வேறு வரிசையில் முடிவெடுக்க வேண்டும்.

படி 1: மென்பொருளை முடிவு செய்யுங்கள்

எந்த நிறுவனத்தின் கார்டு என்பதை உங்கள் மென்பொருளே பாதி தீர்மானித்துவிடும். பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸ், கார்டோடு பேச ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு இடைமென்பொருளைப் பயன்படுத்துகிறது: என்விடியா கார்டுகளில் குடா அல்லது ஆப்டிக்ஸ் வழியாகவும், ஏஎம்டியில் 2021 இறுதியில் வந்த 3.0 பதிப்பு முதல் ஹிப் வழியாகவும், இன்டெல் ஆர்க்கில் 2022இல் வந்த 3.3 பதிப்பு முதல் ஒன்ஏபிஐ வழியாகவும் இயங்குகிறது. ஆனால் விண்டோஸ் கணினியில் ஆக்டேன் என்ற ரெண்டர் மென்பொருளைப் பயன்படுத்தவும், அதுபோன்ற ஆர்னால்டில் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டின் சிப்) மூலம் ரெண்டர் செய்யவும் என்விடியா கார்டு கட்டாயம். பின்னாளில் அவற்றைக் கற்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கேள்வி இங்கேயே முடிந்துவிடுகிறது. பிளெண்டர் மட்டும் போதும் என்பவர்களுக்கும், ஆப்டிக்ஸின் வேகத்தைக் கருதி, முதல் கார்டாக என்விடியாவையே பரிந்துரைப்பேன்.

படி 2: நினைவகத்தைக் கணக்கிடுங்கள்

தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 4096க்கு 4096 பிக்சல் அளவுள்ள ஒரு டெக்ஸ்சர் (பொருளின் பரப்பில் ஒட்டப்படும் படம்), வட்டில் ஐந்தாறு எம்பி ஜேபிஜி கோப்பாக இருக்கலாம். கார்டில் ஏறும்போது அந்தச் சுருக்கம் விரிந்து, பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 எம்பி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மரப்பரப்புக்கு நிறம், சொரசொரப்பு, நார்மல் (நுண்ணிய மேடுபள்ளங்களைக் காட்டுவது), உயரம் என நான்கு டெக்ஸ்சர்கள் வைத்தால் ஏறத்தாழ 256 எம்பி ஆகும். சோபா, திரைச்சீலை, தரை, சுவர் என இத்தகைய பரப்புகள் 20 சேர்ந்தால் 5 ஜிபி போய்விடும். அதன்மேல் மாடல்களின் வடிவத் தரவும், விண்டோஸும் மானிட்டரும் எடுத்துக்கொள்ளும் பங்கும் சேரும்போது 8 ஜிபி கார்டு திணறத் தொடங்குகிறது.

வேகம் குறைந்தால் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்தால் போதும். நினைவகம் போதாவிட்டாலோ, காட்சி கணினியின் ராமுக்கு வழிந்து மிக மெதுவாக நகரும், அல்லது பிழைச்செய்தியோடு நின்றே போகும். 2021இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி கார்டை, அதன்பின் வந்த 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060க்கு எதிராக இன்னும் பலர் பரிசீலிப்பது இதனால்தான். காட்சி சிறியதாக இருந்தால் 4060 வேகமானது, 115 வாட்டில் இயங்குவது. 3060க்கு 170 வாட் தேவை. ஆனால் பெரிய காட்சியை முடித்துத் தரும் வாய்ப்பு 3060க்கே அதிகம். 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கப்பட்டது. 4060 டிஐ 8, 16 ஜிபி என இரு வகைகளில் வந்தது. ஆகவே பெட்டியில் அச்சிட்டுள்ள அளவைப் படித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டு 12 ஜிபி கார்டுகளைப் பொருத்தினால் 24 ஜிபி கிடைக்கும் என்று நம்புவதும் வழக்கம். பொதுவாக ஒவ்வொரு கார்டும் முழுக் காட்சியையும் தனித்தனியே ஏற்றிக்கொள்ளும். கூடுவது வேகம் மட்டுமே.

இப்போதுள்ள கணினியிலேயே உங்கள் மிகப் பெரிய காட்சியை ரெண்டர் செய்து, ரெண்டர் சாளரத்தின் மேற்பகுதியில் காட்டப்படும் உச்ச நினைவக அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும் கார்டைத் தேடுவது பாதுகாப்பானது.

படி 3: வேகத்தை ஒப்பிடுங்கள்

பிளெண்டர் ஓப்பன் டேட்டா தளத்தில் கார்டுகளின் பெஞ்ச்மார்க் மதிப்பெண்கள் கிடைக்கும். ஒரே பிளெண்டர் பதிப்பின் மதிப்பெண்களையே ஒப்பிட்டு, கடையில் சொல்லும் விலையால் வகுத்துப் பாருங்கள். மூன்று விசிறிகளுக்கும் வண்ண விளக்குகளுக்கும் சேர்த்து விலை வைக்கப்பட்ட கார்டு, இந்தக் கணக்கில் தானாகவே பின்னுக்குப் போய்விடும்.

படி 4: எஸ்எம்பிஎஸ், கேபினெட், யுபிஎஸ்

ஆர்டிஎக்ஸ் 3060க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) என்விடியா பரிந்துரைக்கிறது. கேபினெட்டின் உள்நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் வரையே தாங்கும் என்பதால், இரவு முழுவதும் ரெண்டர் ஓடவிடுபவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படி 5: பொருத்தியபின் பிளெண்டரிடம் தெரிவியுங்கள்

டிரைவரை நிறுவியபின், எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் சிஸ்டம் பகுதிக்குச் சென்று ஆப்டிக்ஸைத் தேர்ந்து, கார்டின் பெயருக்கு எதிரே டிக் செய்யுங்கள். அத்துடன் ரெண்டர் ப்ராப்பர்டீஸ் பகுதியில் டிவைஸ் என்பதை ஜிபியு கம்ப்யூட் என மாற்றாவிட்டால், புதிய கார்டு சும்மா இருக்க, பிராசசரே வேலை முழுவதையும் செய்துகொண்டிருக்கும். இந்த இரண்டாவது அமைப்பு ஒவ்வொரு கோப்புடனும் சேமிக்கப்படுவதால், பழைய கோப்புகளைத் திறக்கும்போது அவற்றிலும் தனித்தனியே மாற்றிக்கொள்ளுங்கள்.