பெஞ்ச் மேல் நின்று ரோபோ ஓட்டிப் பழகாதீர்கள்

மதுரையில் எங்கள் லேபில் எஃப்.டி.சி. (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச், மாணவர்கள் தாங்களே செய்த ரோபோவை ஓட்டும் போட்டி) போட்டிக்கான 12 அடிக்கு 12 அடி மைதானத்தை விரித்துவிட்டால் ஆள் நிற்க இடம் இருக்காது. பிள்ளைகள் பெஞ்ச் மேல் ஏறி நின்று ஓட்டிப் பழகினார்கள். மேலிருந்து பார்க்கையில் பந்து எங்கே, பந்தை உள்ளே இழுக்கும் ரோபோவின் வாய் எங்கே, எல்லாம் பளிச்சென்று தெரியும். போட்டியில் தரையில் நின்றபோதுதான் வினை. நடுவில் இருந்த தடுப்பு பாதி ரோபோவை மறைத்துவிட, பந்து உள்ளே வந்துவிட்டது என்று நம்பி எங்கள் டிரைவர் மூன்று முறை வெறும் காற்றை எறிந்தான். டிரைவர் ஓட்டும் நேரமே 2 நிமிடம்தான்!

இப்போது தரையில்தான் நிற்கிறோம். தடுப்புக்குப் பதில் பலசரக்குக் கடை அட்டைப்பெட்டிகள்.

கேமரா வைத்தால் போச்சு என்பார்கள். எஃப்.டி.சி.யில் அந்தப் படம் ஆட்டம் தொடங்கும்வரைதான் டிரைவருக்குத் தெரியும். 54 அடி நீள மைதானம் உள்ள எஃப்.ஆர்.சி.யில் (ஃபர்ஸ்ட் நடத்தும் பெரிய ரோபோ போட்டி) கேமராவுக்கு இடமுண்டு. 2019 ஆட்டத்தில் முதல் 15 விநாடி மைதானம் தெரியாதபடி டிரைவர்கள் முன் திரைச்சீலையே தொங்கியது; கேமரா படத்தைப் பார்த்து ஓட்டலாம். அங்கேயும் படம் தெளிவாக வேண்டும் என்று பட அளவைக் கூட்டுவது தப்பு. படம் தாமதமாகும்; சுவர் திரையில் தெரியும்போது ரோபோ ஏற்கெனவே மோதியிருக்கும். 320க்கு 240 பிக்சல் போதும்.

என்னைக் கேட்டால், நாம் எட்டிப் பார்ப்பதைவிட ரோபோவே சொல்லட்டும். வாயில் ஒரு சென்சார். பந்து வந்ததும் பச்சை விளக்கு எரியும், கையில் உள்ள கன்ட்ரோலரும் அதிரும். அந்த எல்.இ.டி. பட்டையை முதலில் முன்பக்கம் மட்டும் ஒட்டினோம். ரோபோ முதுகைக் காட்டியதும் விளக்கும் மறைந்தது! நாலு பக்கமும் ஒட்டுங்கள்.

தூரத்தில் ரோபோ இடம் வலம் நகர்வது தெரியும். முன்னால் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பது பிடிபடாது. கண்ணால் அளக்காமல், மெல்லச் சுவரில் முட்டவிட்டு அதை ஒட்டியே நகர்த்துங்கள்.

அப்புறம், இடது வலது என்று கத்துவது. ரோபோ நம்மைப் பார்த்துத் திரும்பினால் யாருடைய இடது? லேபில் "ஜன்னல் பக்கம்", "கதவுப் பக்கம்" என்று பழகியிருந்தோம். போட்டி அரங்கில் ஜன்னலுக்கு எங்கே போவது? இப்போது மோதும் இரு அணிகளின் நிறத்தை வைத்து "சிவப்பு", "நீலம்", அப்புறம் "நம்ம பக்கம்". பக்கவாட்டிலும் நகரவைக்கும் மெக்கானம் சக்கரம் இருந்தால், ரோபோ எப்படித் திரும்பியிருந்தாலும் கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளிய திசையில் போகும்படி, ரோபோ எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் ஜைரோ சென்சாரை வைத்து நிரல் எழுதலாம். ஜைரோ திசை பிசகினால் சரிசெய்ய ஒரு பட்டன் வேண்டும், ஓட்டும்போது தெரியாமல் கைபடாத இடத்தில்.