47 நாள் சான்றிதழுக்கு சர்வர்களைத் தயார் செய்வது எப்படி?

வருஷத்துக்கு ஒரு முறை எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்து, இணைப்பைப் பாதுகாப்பது) வாங்கி, சர்வரில் ஏற்றி, காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் பல அலுவலகங்களில் வழக்கம். அது இனி செல்லாது. சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் (சிஏக்கள்) பிரவுசர் தயாரிப்பாளர்களும் அங்கம் வகிக்கும் சிஏ/பிரவுசர் ஃபோரம், ஆப்பிள் முன்வைத்த தீர்மானத்தை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. 398 நாளாக இருந்த சான்றிதழ் ஆயுளின் உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். 31 நாள் மாதம் ஒன்று, அரை மாதத்துக்கு 15 நாள், கைவசம் ஒரு நாள். 47 வந்தது இப்படித்தான். மாதம் ஒரு முறை புதுப்பியுங்கள் என்பதே இதன் பொருள்.

இதே தீர்மானத்தில் பலர் கண்ணில் படாத இன்னொரு எண் இருக்கிறது. டொமைன் உங்களுடையது என்று ஒரு முறை நிரூபித்தால், அந்தச் சரிபார்ப்பை 2029 முதல் 10 நாளுக்குத்தான் மறுபடி பயன்படுத்தலாம். மூன்று வருஷத்துக்கு முன்பணம் கட்டியிருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. பணம் சந்தாவுக்கு, சான்றிதழ் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் வரும்.

முதலில் கணக்கெடுப்பு. பொதுச் சான்றிதழ்கள் ஏறக்குறைய அனைத்தும் சர்டிபிகேட் டிரான்ஸ்பரன்சி என்ற, யாரும் பார்க்கக்கூடிய பதிவேடுகளில் ஏறுவதால், அவற்றைத் தேடித்தரும் தளம் ஒன்றில் உங்கள் டொமைனைக் கொடுத்தால் பட்டியல் வந்துவிடும். யாரோ என்றோ போட்டுவிட்டுப் போன டெஸ்ட் சர்வர்கூட அதில் சிக்கும். நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் பெயர்களைப் பிரித்து வையுங்கள். அவற்றுக்கு உங்கள் சொந்த சிஏ போதும். 47 நாள் விதி அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஐபோனும் மேக்கும் சொந்த சிஏ சான்றிதழிலும் 825 நாளுக்கு மேல் செல்லுபடியாவதை ஏற்காது.

சரிபார்ப்பு முறை

தானியங்கிப் புதுப்பிப்புக்கு ஆக்மி நெறிமுறைதான் (ஆள் தலையீடின்றி சர்வரே சிஏவிடம் சான்றிதழ் கேட்டு வாங்கும் முறை) வழி. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் மட்டுமல்ல, கட்டணம் வாங்கும் பெரிய சிஏக்களும் இதைத் தருகின்றன. இணையத்துக்குத் திறந்திருக்கும் ஒற்றை வெப்சர்வர் என்றால் எச்டிடிபி சரிபார்ப்பு (சிஏ கேட்கும் ஃபைலை சர்வரில் வைத்துக் காட்டுவது) போதும். இதற்கு 80ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். பாதுகாப்புக்காக என்று அதை மூடிவிடுவதால்தான் பல புதுப்பிப்புகள் தோற்கின்றன. திறந்து வைத்து 443க்குத் திருப்பிவிடுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் அந்தத் திருப்பலைப் பின்தொடரும்.

வைல்ட்கார்டு சான்றிதழோ (துணை டொமைன்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று), வெளியிலிருந்து எட்ட முடியாத சர்வரோ என்றால் டிஎன்எஸ் சரிபார்ப்பு (சிஏ கேட்கும் மதிப்பை டொமைனின் டிஎன்எஸ் பதிவில் போடுவது). இங்கே பெரிய ஆபத்து, டிஎன்எஸ் பதிவை நிரல் வழியாக மாற்ற உதவும் ஏபிஐ சாவி. மொத்த டொமைனையும் மாற்றும் உரிமையுள்ள சாவியை ஒரு வெப்சர்வரில் வைப்பது, வீட்டுச் சாவிக்கொத்தை அப்படியே வாட்ச்மேனிடம் கொடுப்பது போல. ஆக்மி சேலஞ்சுக்கான (சரிபார்ப்புக்கான) பெயரை மட்டும் சிநேம் (ஒரு பெயரை இன்னொன்றுக்குத் திருப்பும் டிஎன்எஸ் பதிவு) வழியாகத் தனி ஸோனுக்குத் (தனி டிஎன்எஸ் பதிவுத் தொகுப்புக்கு) திருப்பி, அந்த ஸோனுக்கான சாவியை மட்டும் சர்வரில் வையுங்கள். சிநேமை ஒரு முறை போட்டால் போதும், பிறகு மெயின் ஸோனைத் தொட வேண்டியதில்லை.

சோதனைகளை லெட்ஸ் என்க்ரிப்டின் ஸ்டேஜிங் (ஒத்திகை) சர்வரில் செய்யுங்கள். லெட்ஸ் என்க்ரிப்டின் நிஜ சர்வரில் ஒரே பெயர்த் தொகுப்புக்கு ஏழு நாளில் 5 சான்றிதழ்தான். ஒரு பெயருக்கு மணிக்கு 5 முறை சரிபார்ப்பு தோற்றாலும் தடை விழும். ஸ்கிரிப்டைத் திருத்தித் திருத்தி ஓட்டினால் அரை மணி நேரத்தில் அந்த வரம்பைத் தொட்டுவிடலாம்.

புதுப்பித்தால் மட்டும் போதாது

ஆக்மி வழியாகச் சான்றிதழ் வாங்கும் செர்ட்பாட் நிரல் புது ஃபைலை எழுதி முடித்தாலும், எஞ்சின்எக்ஸ் வெப்சர்வர் பழைய சான்றிதழைத்தான் நினைவகத்தில் வைத்துக்கொண்டு காட்டிக்கொண்டிருக்கும். ரீலோட் செய்தால்தான் புதியது வரும். செர்ட்பாட்டின் ரென்யூவல்-ஹூக்ஸ் (புதுப்பிப்போடு தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள்) அடைவில் டெப்லாய் என்ற ஃபோல்டர் இருக்கிறது. ரீலோட் ஸ்கிரிப்டை அங்கே போடுங்கள். அதற்கு இயக்க அனுமதி இல்லாவிட்டால் செர்ட்பாட் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். இன்னொரு பொறி: ட்ரை-ரன் (நிஜச் சான்றிதழ் வாங்காத ஒத்திகை) சோதனை டெப்லாய் ஹூக்குகளை இயல்பாக ஓட்டாது. சோதனை பாஸ் ஆனது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஹூக்கை ஒரு முறைகூடச் சோதித்திருக்க மாட்டார்கள். அதை ஓட்டச் சொல்லும் தனி விருப்பம் உண்டு, சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹூக்கில் ரீலோடுக்கு முன்னால் கான்ஃபிக் சோதனை ஒன்றையும் வையுங்கள். மெயில் சர்வர் போன்றவை ரூட் அல்லாத பயனரில் ஓடினால், செர்ட்பாட்டின் அடைவை அவற்றால் படிக்க முடியாது. அனுமதியைத் தளர்த்துவதைவிட, ஹூக்கிலேயே பிரதி எடுத்து உரிமையாளரை மாற்றிவிடுவது நல்லது.

இடைநிலைச் சான்றிதழையும் (உங்கள் சான்றிதழை சிஏவின் மூலச் சான்றிதழோடு இணைப்பது) சேர்த்த ஃபுல்செயின் ஃபைலையே கான்ஃபிக்கில் குறிப்பிடுங்கள். சர்ட் ஃபைலை மட்டும் கொடுத்தால் கம்ப்யூட்டரில் குரோம் சமாளித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செயலியும் ஜாவா நிரலும் கர்ல் கட்டளையும் பிழை காட்டும். 'எனக்கு ஓப்பன் ஆகிறதே' என்ற பதில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

மொபைல் செயலியில் பப்ளிக் கீயைப் பின் செய்திருந்தால் (இந்தக் கீயை மட்டும் ஏற்கும்படி பதித்திருந்தால்) எச்சரிக்கை: செர்ட்பாட் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் புது கீ உருவாக்கும், செயலி அன்றே முடங்கும். பழைய கீயையே வைத்திருக்கும் ரீயூஸ்-கீ விருப்பம் தற்காலிக மருந்து; பின்னிங்கையே கைவிடுவதுதான் சரி.

நேற்றுவரை ஓடியது இன்று தோற்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். சர்வர் மாறியும் டிஎன்எஸ்ஸில் பழைய ஐபிவி6 முகவரி கிடக்கலாம்; லெட்ஸ் என்க்ரிப்ட் ஐபிவி6க்கே முதலிடம் தரும், அங்கே வேறு சர்வர் பதில் சொன்னால் ஐபிவி4 பக்கம் வராது. எந்த சிஏ சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் சிஏஏ ரெக்கார்டில் உங்கள் சிஏவின் பெயர் விடுபட்டிருக்கலாம். அல்லது யாரோ ஃபயர்வாலில் வெளிநாட்டு ஐபிகளைத் தடுத்திருக்கலாம்; சரிபார்ப்பு இப்போது உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் நடக்கிறது.

கண்காணிப்பு

காலாவதி நெருங்கும்போது மின்னஞ்சல் அனுப்புவதை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூன் 4ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் சொந்த ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சர்வரில் உள்ள ஃபைலின் தேதியைப் பார்க்காதீர்கள். வெளியிலிருந்து 443க்கு இணைந்து, உண்மையில் எந்தச் சான்றிதழ் வருகிறது என்று பாருங்கள். வேலையைப் பங்கிட்டுத் தரும் லோடு பேலன்சருக்குப் பின்னால் நான்கு சர்வர் இருந்தால் நான்கையும் தனித்தனியாக. மெயிலுக்கான 465, 587, 993 போர்ட்களும் பட்டியலில் இருக்கட்டும்.

47 நாள் சான்றிதழை மூன்றில் ஒரு பங்கு ஆயுள் மிச்சமிருக்கும்போது, அதாவது ஏறக்குறைய 31ஆம் நாளில் புதுப்பித்தால், கையில் 16 நாள் இருக்கும். 10 நாள் மிச்சத்தில் எச்சரிக்கை வையுங்கள். பழைய 30 நாள் எச்சரிக்கையை அப்படியே விட்டால் அது மாதாமாதம் பொய்யாகக் கத்தும். இரண்டாவது மாதத்திலேயே யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

ஆக்மி தெரியாத பழைய ஃபயர்வால், விபிஎன் பெட்டி, பிரிண்டர் ஆகியவற்றைக் கடைசிக்குத் தள்ளாமல் இப்போதே எடுங்கள். ஏபிஐ இருந்தால், வேறொரு லினக்ஸ் சர்வரில் சான்றிதழ் பெற்று ஹூக் வழியாக ஏற்றலாம். ஏபிஐயும் இல்லையென்றால் முன்னால் ஒரு ரிவர்ஸ் பிராக்சி (இணைப்பைத் தான் வாங்கிப் பெட்டிக்குக் கடத்தும் சர்வர்). அதுவும் ஒத்துவராத பெட்டிக்கு, அடுத்த பட்ஜெட்டில் மாற்று கேளுங்கள்.